"இதுவும் என் இடம்தான்"னு டீம்ல எல்லாருக்கும் தோணணும்னா: புதுசா மேனேஜர் ஆனவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப் வழிகாட்டி

புதுசா டீம் லீடாவோ மேனேஜராவோ ஆயிருக்கீங்க, வருஷ இலக்கு ஷீட்ல ஒரு வரி இருக்கு: "அனைவரையும் உள்ளடக்கிய பணிச்சூழலை உருவாக்குதல்". எப்படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஹெச்ஆர்ல கேட்டா ஒரு ஸ்லைடு டெக் வரும், அதுல கை கோத்து நிக்கிற படமும் நாலு பெரிய வார்த்தையும் இருக்கும், நாளைக்கு காலைல ஆபிஸ் போய் எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு மட்டும் இருக்காது. நான் அங்கயும் இங்கயும் முட்டி மோதி கத்துக்கிட்டத வரிசையா எழுதுறேன், நீங்களாவது சீக்கிரம் முடிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். விழா, போஸ்டர், டி-ஷர்ட், பேனர், இதுல எதுவும் இந்த வேலைய பண்ணாது. ஒருத்தருக்கு இந்த இடத்துல தனக்கும் இடம் இருக்குன்னு தோணுறதும் தோணாததும் நீங்க தினமும் எடுக்கிற சின்ன முடிவுலதான் இருக்கு, யாருக்கு எந்த வேலை குடுக்கறீங்க, மீட்டிங்ல யார் பேச்ச முடிக்க விடறீங்க, யாரோட தப்ப மன்னிக்கறீங்க. அதனால கீழ இருக்கிறதுல முக்கால்வாசி ஷீட், ஃபார்ம், காலண்டர் வேலைதான். போரடிக்கும், ஆனா வேலை செய்யும்.

டைம் கணக்கு: ஆரம்பத்துக்கு ஒரு மூணு மாசம் ஒதுக்குங்க, மாத்தம் கண்ணுக்கு தெரிய ஒரு வருஷமாவது ஆகும். அடுத்த மாசமே தெரியணும்னு மேலதிகாரி கேட்டா இப்பவே சொல்லிடுங்க முடியாதுன்னு.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேலிடத்துல மூணு விஷயம் எழுத்துல வாங்குங்க

வாய் வார்த்தையா "சூப்பர், பண்ணுங்க"ன்னு சொல்றது பத்தாது. ஒரு மெயில்ல இந்த மூணும் வரணும்.

முதல்ல, நேரம். வாரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் இதுக்கு போகும், அது உங்க வேலைல ஒரு பகுதின்னு ஒத்துக்கணும். இல்லன்னா டெலிவரி டென்ஷன் வந்த உடனே முதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான்.

ரெண்டாவது, தகவல் பார்க்க அனுமதி. அடுத்த ஸ்டெப்ல என்னென்னன்னு சொல்றேன்.

மூணாவது, பணம். நெறைய வேணாம், ஆனா சைகை மொழிபெயர்ப்பாளர், லைவ் கேப்ஷன், ஸ்க்ரீன் ரீடர் (ஸ்க்ரீன்ல இருக்கிறத வாய்விட்டு படிச்சு காட்டுற சாஃப்ட்வேர்) லைசன்ஸ், சரியான நாற்காலி மாதிரி செலவு வந்தா யார் பட்ஜெட்ல இருந்து போகும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இத ஒவ்வொரு டீம் பட்ஜெட்லயும் தனித்தனியா வைக்காம கம்பெனி பொது பட்ஜெட்ல வைக்க சொல்லி கேளுங்க. டீம் தலைல விழுந்துச்சுன்னா ஆள் எடுக்கும்போதே "இவர எடுத்தா செலவு"ன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓட ஆரம்பிச்சிடும், யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

2. இருக்கிறத அப்படியே பாருங்க, எதையும் மாத்தாதீங்க

ஹெச்ஆர் கிட்ட கேட்க வேண்டிய பேப்பர்கள்: கடைசி ரெண்டு வருஷத்துல டீம்ல இருந்து போனவங்க லிஸ்ட், அவங்க எக்சிட் இன்டர்வியூ குறிப்பு, யாருக்கெல்லாம் ப்ரொமோஷன் கிடைச்சுச்சு, அதுக்கு முன்னாடி எவ்ளோ நாள் காத்திருந்தாங்க, கிரேடு வாரியா சம்பள வரம்பு. முழு விவரம் தர மாட்டாங்க, கூட்டுத்தொகையா குடுத்தா கூட போதும். வர ரெண்டு மூணு வாரம் ஆகலாம், அதனால முத நாளே மெயில் போடுங்க.

இதோட உங்க கையாலயே ஒரு ஷீட் போடுங்க, கடைசி ஆறு மாசத்துல பெரிய ப்ராஜெக்ட் யாருக்கு போச்சு, க்ளையன்ட் முன்னாடி யார் ப்ரெசென்ட் பண்ணாங்க, மீட்டிங் குறிப்பு யார் எழுதுனாங்க, புது ஆளுக்கு யார் கத்துக் குடுத்தாங்க. என்னைக் கேட்டா இந்த ஒரு ஷீட்தான் மொத்த வேலைலயும் விலை மதிப்பானது. டீம்ல எல்லாரும் சமம்னு நம்பிட்டு இருப்பீங்க, ஷீட்ட போட்டு பார்த்தா அதே ரெண்டு மூணு பேர் பெயர்தான் ஒரு காலம்ல (column) திரும்ப திரும்ப வரும், இன்னொரு காலம்ல வேற ரெண்டு பேர் பெயர்.

மாட்டிக்க வாய்ப்பு இருக்கிற இடம்: சின்ன டீம்ல எண்ணிக்கைய பிரிச்சு பார்த்தா யாருன்னு ஈசியா தெரிஞ்சிடும். அஞ்சு பேருக்கு கம்மியா இருக்கிற குழுவ தனியா பிரிச்சு ரிப்போர்ட் போடாதீங்க, சர்வே டூல்கள்ல பொதுவா இதே மாதிரி ஒரு குறைஞ்சபட்ச எண்ணிக்கை செட்டிங் இருக்கும். அப்புறம் யார் கிட்டயும் போய் நேரா மதம், சாதி, உடல்நிலை, பாலின அடையாளம்னு விவரம் கேட்டு லிஸ்ட் போடாதீங்க, நோக்கம் நல்லதா இருந்தாலும் அது நிறைய இடத்துல சட்டப் பிரச்சனை, எல்லா இடத்துலயும் பயமுறுத்துற விஷயம்.

3. ஒவ்வொருத்தர் கூடயும் தனியா பேசுங்க

ஆளுக்கு அரை மணி நேரம். எல்லாருக்கும் ஒரே கேள்வி. பெரும்பான்மையா இருக்கிறவங்களையும் சேர்த்துதான், அவங்கள விட்டுட்டு மத்தவங்கள மட்டும் கூப்பிட்டா மறுநாள் ஆபிஸ் முழுக்க கிசுகிசு ஓடும்.

"இங்க உங்களுக்கு வசதியா இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் "ஓகே சார்", "ஓகே மேடம்"தான். நடந்தத கேளுங்க. கடைசியா எப்ப ஒரு விஷயம் சொல்ல நினைச்சு சொல்லாம விட்டீங்க? வேலை சம்பந்தமான எந்தத் தகவல் உங்களுக்கு மத்தவங்கள விட லேட்டா வருது? சந்தேகம் வந்தா யார் கிட்ட கேட்பீங்க, யார் கிட்ட கேட்க மாட்டீங்க? அடுத்த வருஷம் என்ன வேலை பண்ண ஆசை, அத யாராவது உங்க கிட்ட கேட்டிருக்காங்களா? ரெண்டாவது கேள்விலதான் நிறைய வெளிய வரும். ஒரு டீம்ல பாதி முடிவு ஒரு தனி சாட் க்ரூப்ல நடக்குது, அந்த க்ரூப்ல இல்லாதவங்களுக்கு மறுநாள்தான் தெரியுதுங்கிற மாதிரி விஷயம் எந்த சர்வேலயும் வராது, இங்கதான் வரும்.

பதில் சொல்லும்போது குறுக்க விளக்கம் குடுக்காதீங்க. "இல்ல, அது வந்து அன்னிக்கு என்னன்னா"ன்னு நீங்க ஆரம்பிச்ச நிமிஷமே அவங்க மூடிக்குவாங்க.

ரெண்டு எச்சரிக்கை. "யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முழு வாக்கு குடுத்துடாதீங்க, தொல்லை, மிரட்டல் மாதிரி ஏதாவது வந்தா நீங்க மேல சொல்லியே ஆகணும், அத பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க. இன்னொண்ணு, டீம்ல ஒரே ஒரு பொண்ணோ, ஒரே ஒரு மாற்றுத்திறனாளியோ, வேற மொழி பேசுற ஒரே ஆளோ இருந்தா அவங்கள அந்த மொத்த சமூகத்துக்கும் பிரதிநிதியா ஆக்காதீங்க. "உங்க ஆளுங்க என்ன நினைப்பாங்க"ங்கிற கேள்வி மாதிரி ஒருத்தர தள்ளி வைக்கிற கேள்வி வேற இல்ல. கூடவே கமிட்டில உக்கார, போட்டோவுக்கு நிக்க, பேச்சு குடுக்கன்னு எல்லாத்துக்கும் அவங்களையே கூப்பிடறதும் வேணாம், அது சம்பளம் இல்லாத ரெண்டாவது வேலை.

பேசி முடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள, பெயர் இல்லாம, "இதெல்லாம் கேட்டேன், இதுல இந்த ரெண்ட முதல்ல எடுக்கறேன், இத இப்போதைக்கு பண்ண முடியாது, காரணம் இது"ன்னு டீமுக்கு ஒரு மெயில் போடுங்க. கேட்டுட்டு கம்முனு இருக்கிறது கேட்காம இருக்கிறத விட மோசம்.

4. மீட்டிங்க சரி பண்ணுங்க

இதுக்குத்தான் நான் நிறைய இடம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா செலவு எதுவும் கிடையாது, நாளைக்கே ஆரம்பிக்கலாம், பலன் சீக்கிரம் தெரியும்.

ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட் பேராசிரியை, 1999ல ஒரு உற்பத்தி நிறுவனத்துல 51 டீம்கள ஆராய்ச்சி பண்ணி எழுதுனாங்க, கேள்வி கேட்டா, தப்ப ஒத்துக்கிட்டா அசிங்கப்படுத்த மாட்டாங்கன்னு நம்புற டீம்தான் அதிகமா கத்துக்குது, நல்லாவும் வேலை செய்யுதுன்னு. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில மருந்து தப்புகள பத்தி பார்த்தப்ப அவங்களுக்கு ஒரு விசித்திரம் கிடைச்சுது, நல்லா நடக்கிற வார்டுலதான் தப்பு எண்ணிக்கை அதிகமா காட்டுச்சு. அந்த வார்டுக்காரங்க நிறைய தப்பு பண்ணல, மறைக்காம சொன்னாங்க, அவ்ளோதான். கூகுள்காரங்க 2012ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அரிஸ்டாட்டில்ல சுமார் 180 டீம்கள பார்த்துட்டு இதே விஷயத்ததான் முதல் இடத்துல வச்சாங்க. அதனால உங்க மீட்டிங்ல கெட்ட செய்தி வரவே இல்லன்னா சந்தோஷப்படாதீங்க.

பண்ண வேண்டியது:

அஜெண்டா முந்தின நாளே போகணும். உடனே பேச வராதவங்க, அந்த மொழில யோசிச்சு பேசறவங்க, புதுசா வந்தவங்க, எல்லாருக்கும் தயாராக ஒரு ராத்திரி கிடைக்கும்.

நீங்க கடைசியா பேசுங்க. மேனேஜர் முதல்ல கருத்து சொல்லிட்டா அப்புறம் நடக்கிறது கருத்து கேட்பு இல்ல, தலையாட்டல். பெரிய முடிவுன்னா எல்லாரையும் முதல்ல ரெண்டு வரி எழுதி சாட்ல போட சொல்லிட்டு அப்புறம் பேச ஆரம்பிங்க.

குறுக்க பேசினா நிறுத்துங்க. பெரிசா எதுவும் வேணாம், "ஒரு நிமிஷம், அவங்க முடிக்கட்டும்" போதும். முதல் ரெண்டு மூணு தடவை உங்களுக்கே கூச்சமா இருக்கும். ஒருத்தர் சொன்ன யோசனைய பத்து நிமிஷம் கழிச்சு இன்னொருத்தர் சொல்லி பேர் வாங்கினா, "ஆமா, இது முதல்ல அவங்க சொன்னது, அதையே வளர்க்கலாம்"னு யார் சொன்னதுன்னு பேர் சொல்லி ஞாபகப்படுத்துங்க. மீட்டிங் குறிப்புலயும் யோசனை யாரோடதுன்னு பேர் வரணும்.

பாதி பேர் ரூம்ல பாதி பேர் ஆன்லைன்ல இருக்கிற மீட்டிங்தான் ரொம்ப மோசம். ஒரு சின்ன விஷயம் சொல்றேன், நடத்துறவர் தன்னோட முழு ஸ்க்ரீனையும் ஷேர் பண்ணி ஸ்லைடு ஓட்டிட்டு இருப்பாரு, அவர் கண்ணுக்கு ஸ்லைடு மட்டும்தான் தெரியும், ஆன்லைன்ல ஒருத்தர் கை தூக்கி அந்த மஞ்சள் கை ஐகான் அவர் முகத்து ஓரத்துல நின்னுட்டே இருக்கும், ரூம்ல இருக்கிறவங்க நேரா வாயத் திறந்து பேசி டாபிக்க முடிச்சு அடுத்ததுக்கு போயிடுவாங்க, அந்தக் கை சத்தமில்லாம இறங்கிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனா இது வாரா வாரம் நடந்தா அந்த ஆளு கை தூக்கறதையே விட்டுடுவாரு. தீர்வு என்னன்னா, ஸ்க்ரீன் ஷேர் பண்றவர விட்டுட்டு இன்னொருத்தர் கைகளையும் சாட்டையும் பார்க்கணும், ஒவ்வொரு டாபிக்லயும் முதல்ல ஆன்லைன்காரங்கள கேட்டுட்டு அப்புறம் ரூமுக்கு வரணும். இந்தப் பொறுப்ப சுழற்சில விடுங்க.

மொழி: டீம்ல ஒருத்தருக்கு புரியாத மொழிக்கு பேச்சு தாவினா, திட்டாம, "பொது மொழிக்கு வந்துடலாம்"னு நீங்களே மாத்துங்க. சிரிப்பு சத்தம் கேட்டு, என்ன சிரிப்புன்னு தெரியாம உக்காந்திருக்கிற ஆளோட முகத்த ஒரு தடவை கவனிச்சா அப்புறம் விட மாட்டீங்க. வேற வேற டைம் ஜோன்ல ஆள் இருந்தா, அந்த அகால நேரம் எப்பவும் ஒரே ஆளுக்கு விழக்கூடாது, மாசத்துக்கு ஒரு தடவை நேரத்த மாத்துங்க.

5. வேலை பிரிக்கிற ஷீட்

ரெண்டாவது ஸ்டெப்ல போட்ட ஷீட்ட இப்ப வெளிய எடுங்க. இனிமே அது வாரா வாரம் அப்டேட் ஆகணும், வாரத்துக்கு பத்து நிமிஷம்.

ரெண்டு வகை வேலைய தனியா குறிங்க. பேர் வாங்கித் தர்ற வேலை ஒண்ணு, நடந்தாகணும் ஆனா ப்ரொமோஷன்ல யாரும் எண்ண மாட்டாங்கங்கிற வேலை இன்னொண்ணு, அதாவது குறிப்பு எழுதறது, மீட்டிங் ரூம் புக் பண்றது, பிறந்தநாள் ஏற்பாடு, புது ஆளுக்கு வழிகாட்டறது. லின்டா பாப்காக்கும் அவங்க சக ஆராய்ச்சியாளர்களும் 2017ல வெளியிட்ட ஆய்வுல, ஆணும் பெண்ணும் கலந்த குழுவுல இந்த ரெண்டாவது வகை வேலைக்கு பெண்கள்தான் அதிகமா முன்வந்தாங்க, கேட்கிறவங்களும் அவங்களத்தான் அதிகமா கேட்டாங்க. ஆனா ஆண்கள் மட்டும் இருந்த குழுவுல ஆண்களே தாராளமா முன்வந்தாங்க. அப்ப "அவங்களுக்கு அதுல ஆர்வம், நல்லா பண்ணுவாங்க"ங்கிற பேச்செல்லாம் நம்ம எதிர்பார்ப்புதான்.

அதனால "யாராவது எடுத்துக்கறீங்களா"ன்னு பொதுவா கேட்காதீங்க. சுழற்சி லிஸ்ட் போடுங்க, லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கணும். "எனக்கு குறிப்பு எழுத வராது"ன்னு சொல்றவருக்கு இன்னும் ரெண்டு தடவை கூடுதலா குடுங்க, வந்துடும்.

பேர் வாங்கித் தர்ற வேலைய குடுக்கும்போது உங்க மனசுக்கு முதல்ல யார் வந்தாங்களோ அவங்கள ஒரு நிமிஷம் தள்ளி வச்சுட்டு, இந்த வேலைய பண்ண முடிஞ்ச வேற யார் இருக்காங்கன்னு பாருங்க. குழந்தை இருக்கு, ட்ராவல் பண்ண மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணி ஒருத்தர கேட்காம விடறது ரொம்ப சாதாரணமா நடக்குது. கேளுங்க, வேணாம்னு அவங்க சொல்லட்டும்.

6. ஆள் எடுக்கும்போது

2004ல வெளியான ஆய்வுக்காக பெர்ட்ரண்ட், முல்லைநாதன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல பாஸ்டன்லயும் சிகாகோவுலயும் சுமார் 5,000 ரெஸ்யூம் அனுப்பி ஒரு சோதனை பண்ணாங்க. தகுதி எல்லாம் ஒரே மாதிரி, பேர் மட்டும் வேற. வெள்ளைக்காரப் பேர் மாதிரி இருந்ததுக்கு கறுப்பினப் பேர் மாதிரி இருந்தத விட 50 சதவீதம் அதிகமா கால் வந்துச்சு. பேர பார்த்து ஆள எடை போடறது எந்த ஊர்லயும் இல்லன்னு சொல்ல முடியாது.

தேவையான பேப்பர் மூணு. வேலை விவரம், அதுல கட்டாயம் வேணுங்கிறது அஞ்சு ஆறுக்கு மேல போகக்கூடாது, "இருந்தா நல்லது" லிஸ்ட தனியா பிரிச்சிடுங்க இல்ல தூக்கிடுங்க. எல்லாருக்கும் ஒரே வரிசைல கேட்கிற கேள்வித்தாள். மார்க் ஷீட், இன்டர்வியூ எடுக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனியா, மத்தவங்க கூட பேசறதுக்கு முன்னாடி மார்க் போட்டு அனுப்பிடணும். இந்தக் கடைசி விதிய மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, கலந்து பேசிட்டு மார்க் போட்டா சீனியர் சொன்னதுதான் எல்லாரோட மார்க்கும்.

"நம்ம கல்ச்சருக்கு செட் ஆக மாட்டாரு"ன்னு யாராவது சொன்னா, மார்க் ஷீட்ல எந்த வரிக்குன்னு கேளுங்க. பதில் இல்லன்னா அந்த கமெண்ட்ட எடுத்துக்காதீங்க. ரெஸ்யூம்ல பேர மறைக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா அது முதல் சுற்றுக்கு மட்டும்தான் உதவும், நேர்ல உக்காந்ததும் பழைய கதைதான்.

இன்டர்வியூ அழைப்பு மெயில்லயே ஒரு வரி சேர்த்துடுங்க: "இன்டர்வியூவுல கலந்துக்க ஏதாவது வசதி தேவைன்னா சொல்லுங்க". எல்லாருக்கும் அதே மெயில்.

7. புதுசா வந்தவரோட முதல் 90 நாள்

சேர்ற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே லேப்டாப், லாகின், ஐடி கார்டு, மெயில் ஐடி ரெடியா இருக்கணும். மெயில்லயும் சாட்லயும் பேர் எப்படி வரணும்னு அவங்க கிட்டயே கேளுங்க, பேர எப்படி உச்சரிக்கணும்னும் கேட்டு டீமுக்கு சொல்லிடுங்க. சேர்ந்து நாலு நாள் லாகின் வராம, பக்கத்து சீட்காரர் ஸ்க்ரீன எட்டிப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறவருக்கு நீங்க குடுக்கிற வெல்கம் கிட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஒரு பட்டி (buddy, கூடவே இருந்து வழி காட்டுற சக ஊழியர்) போடுங்க, ஆனா அவர் ரிப்போர்ட் பண்ற ஆளா இருக்கக்கூடாது. பட்டிக்கு அந்த மாசம் வேற வேலைய கொஞ்சம் குறைங்க.

முதல் நாள் கம்பெனி பெருமைய ஒரு மணி நேரம் பேசறதுக்கு பதிலா, நீங்க எந்த மாதிரி வேலைல நல்லா இருப்பீங்க, அத இங்க எப்படி கொண்டு வரலாம்னு அவங்கள பேச விடுங்க. இது சும்மா இல்ல, விப்ரோவுல கேபிள், ஜினோ, ஸ்டாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் பண்ணி 2013ல வெளியிட்ட ஆய்வுல இப்படி ஆரம்பிச்ச புது ஆட்கள்தான் வேலைல அதிகமா தங்குனாங்க.

30, 60, 90வது நாள்ல அரை மணி நேரம் பேச இப்பவே காலண்டர்ல போட்டுடுங்க. 30வது நாள்ல கேட்க ஒரு நல்ல கேள்வி: "இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, ஆனா எங்கயும் எழுதி வைக்கலைன்னு எத பார்த்தீங்க?" வர்ற பதில எழுதி ஆன்போர்டிங் பேப்பர்ல சேர்த்துடுங்க, அடுத்து வர்றவருக்கு உதவும்.

8. வசதி கேட்டு வந்தா

ஒரு பக்க ஃபார்ம் போதும். என்ன வேலை பண்றதுல சிரமம், என்ன இருந்தா சரியாகும், எப்போதிலிருந்து. என்ன வியாதின்னு மேனேஜரா நீங்க கேட்க வேணாம், மருத்துவ சான்று தேவைன்னா அது ஹெச்ஆர் கையில மட்டும் இருக்கட்டும். அஞ்சு வேலை நாள்ல பதில், நிரந்தர ஏற்பாட்டுக்கு நேரம் ஆகும்னா அதுவரைக்கும் தற்காலிகமா ஏதாவது.

செலவ நினைச்சு பயப்படாதீங்க. அமெரிக்காவுல இதுக்குன்னே ஆலோசனை சொல்ற ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் வருஷா வருஷம் கம்பெனிகள கேட்டு வெளியிடற கணக்குல, கிட்டத்தட்ட பாதி ஏற்பாடுகளுக்கு செலவே இல்லன்னுதான் வருது. நேரத்த மாத்தறது, சீட்ட மாத்தறது, வாய்மொழியா சொல்றத எழுத்துல தர்றது, இந்த மாதிரி. ஐநாவோட 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதிய மறுக்கிறதையே பாகுபாடுன்னு சொல்லுது, அதனால "பார்க்கலாம்"னு இழுத்தடிக்கிறது சின்ன விஷயம் கிடையாது.

யாரும் கேட்காமலே பண்ணக்கூடியது கொஞ்சம் இருக்கு. வீடியோ கால்ல கேப்ஷன் எப்பவும் ஆன். டாக்குமெண்ட்ல எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வித்தியாசம் குறைஞ்சது 4.5:1, வெப்சைட்ட எல்லாரும் பயன்படுத்த முடியணும்ங்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டில (WCAG) சாதாரண அளவு எழுத்துக்கு சொல்லியிருக்கிற அளவு அது, இலவசமாவே சோதிச்சு பார்க்க டூல் இருக்கு. வெளிர் சாம்பல் எழுத்துல ஸ்லைடு போடற டிசைனர் கூட ஒரு சண்டை வரும், போடுங்க.

9. "சும்மா ஜோக்குக்கு சொன்னேன்"

உச்சரிப்பு, நிறம், உடம்பு, மதம், யார் எந்தப் பின்னணின்னு கிண்டல் வரும்போது நீங்க கூடவே சிரிச்சா, இல்ல மொபைல்ல முகத்த வச்சுக்கிட்டா, அங்க இருக்கிற எல்லாருக்கும் பதில் கிடைச்சாச்சு. அந்த இடத்துலயே ஒரு வரி: "இந்தப் பேச்சு இங்க வேணாம்". லெக்சர் வேணாம். அப்புறம் தனியா கூப்பிட்டு சொன்னவர் கிட்ட என்ன சொன்னீங்க, ஏன் கூடாதுன்னு பேசுங்க. யார பத்தி சொன்னாங்களோ அவங்கள அன்னிக்கே தனியா பார்த்து, என்ன வேணும்னு கேளுங்க, எல்லார் முன்னாடியும் "நீங்க ஓகேவா"ன்னு கேட்டு இன்னும் சங்கடப்படுத்தாதீங்க.

இதுக்கு மேல போற விஷயம்னா நீங்களே விசாரணை பண்ணாதீங்க, இங்கதான் நல்ல எண்ணம் இருக்கிற மேனேஜர்கள் மாட்டிக்கிறாங்க. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு சமாதானம் பேசாதீங்க. தேதி, இடம், சொன்ன வார்த்தை, யார் இருந்தாங்க, இத உங்க விளக்கம் சேர்க்காம எழுதி 24 மணி நேரத்துக்குள்ள உங்க கம்பெனில இதுக்கு பொறுப்பான குழுவுக்கு அனுப்புங்க. "ஒரு தடவைதானே நடந்துச்சு"ங்கிறது சாக்கு இல்ல, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019ல கொண்டு வந்த 190வது உடன்படிக்கை ஒரே தடவை நடந்ததையும் வன்முறை, தொல்லைக்குள்ள சேர்க்குது, பயிற்சிக்கு வந்தவங்க, வேலைக்கு விண்ணப்பிச்சவங்க வரைக்கும் பாதுகாப்பு குடுக்குது, வேலை சம்பந்தமான பயணம், மெசேஜ் எல்லாத்தையும் உள்ள கொண்டு வருது. உங்க நாட்டு சட்டம் தனியா ஒண்ணு இருக்கும், அதோட காலக்கெடுவ இன்னிக்கே படிச்சு வச்சுக்கோங்க, பிரச்சனை வந்த அன்னிக்கு தேடாதீங்க.

புகார் குடுத்தவருக்கு அடுத்த ஒரு வருஷம் என்ன வேலை வருது, என்ன ரேட்டிங் வருதுன்னு பாருங்க. பழி வாங்கறது திட்டற மாதிரி வராது, மெல்ல மெல்ல மீட்டிங் அழைப்பு குறையும்.

10. ட்ரெய்னிங்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி

இந்த நேரத்துல யாராவது ஒரு கன்சல்டன்ட் வந்து அரை நாள் கட்டாய ட்ரெய்னிங் விற்கப் பார்ப்பாங்க. ஃப்ராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ்னு ரெண்டு சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க கம்பெனிகளோட பல வருஷ தகவல பார்த்துட்டு 2016ல எழுதினது என்னன்னா, கட்டாயமா உக்கார வைக்கிற ட்ரெய்னிங்கால பெருசா ஒண்ணும் மாறல, சில இடத்துல எதிர் விளைவுதான், வழிகாட்டி ஏற்பாடு, பொறுப்போட ஒரு குழு, இதெல்லாம் பரவால்லாம வேலை செய்யுது. பணம் இருந்தா மென்டரிங்ல போடுங்க. சீனியர் ஒருத்தர் ஜூனியர் ஒருத்தர், மாசம் ஒரு மணி நேரம், ஆறு மாசம். ஜோடிய லிஸ்ட் போட்டு ஒதுக்குங்க, அவங்கவங்க விருப்பத்துக்கு விட்டா தன்ன மாதிரியே இருக்கிறவரத்தான் சீனியர் தேர்ந்தெடுப்பாரு.

11. அப்ரைசலும் சர்வேயும்

அப்ரைசல்ல "நல்ல ஆட்டிட்யூட்", "இன்னும் கான்ஃபிடன்ஸ் வேணும்", "கொஞ்சம் கடுமையா பேசறாங்க" மாதிரி வரி வந்தா அதுக்கு ஒரு சம்பவம், ஒரு தேதி எழுதுங்க. எழுத முடியலன்னா வரிய எடுத்துடுங்க. ரேட்டிங் இறுதியாகுறதுக்கு முன்னாடி உங்க வேலை பிரிக்கிற ஷீட்ட பக்கத்துல வச்சு பாருங்க, பெரிய வேலையே குடுக்காத ஒருத்தருக்கு "பெரிய வேலை எதுவும் பண்ணல"ன்னு மார்க் குறைக்கிறோமான்னு. லீவ்ல போய்ட்டு வந்தவங்களுக்கு இருந்த மாசத்துக்கு மட்டும்தான் கணக்கு.

சர்வே வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும், ஆறு கேள்வி, அஞ்சு நிமிஷம். நான் கேட்கிறது: தப்ப வெளிய சொன்னா எனக்கு எதிரா திரும்பாது. என் வேலைக்கு வேணுங்கிற தகவல் எனக்கு நேரத்துக்கு வருது. என் கருத்தால கடைசி ஆறு மாசத்துல ஒரு முடிவாவது மாறியிருக்கு. நல்ல வேலை நியாயமா பகிரப்படுது. இங்க நான் என்னை மறைச்சுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. ஆறாவது திறந்த கேள்வி, "எத நிறுத்தணும்?" முதல் சர்வேய ரெண்டாவது ஸ்டெப் பண்ணும்போதே போட்டுடுங்க, அப்பதான் ஒப்பிட ஏதாவது இருக்கும். ரெண்டாவது தடவை மார்க் குறைஞ்சா உடனே பதறாதீங்க, இப்பதான் உண்மைய எழுத தைரியம் வந்திருக்கலாம். திறந்த கேள்விக்கு பதில் எவ்ளோ நீளமா எழுதறாங்க, எத்தனை பேர் எழுதறாங்கன்னு சேர்த்து பாருங்க, அது கூடிட்டே போனா வண்டி சரியான ரோட்லதான் போகுது.

எழுத்து நடைய வச்சு இது யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க. கண்டுபிடிச்சாலும் காட்டிக்காதீங்க.

12. நீங்க வேற டீமுக்கு போகும்போது

மேனேஜர் மாறினதும் பழையபடி ஆகிறது ரொம்ப சகஜம். அதனால ஒரு ஃபோல்டர் வைங்க: வேலை பிரிக்கிற ஷீட், சுழற்சி லிஸ்ட், இன்டர்வியூ கேள்வித்தாளும் மார்க் ஷீட்டும், ஆன்போர்டிங் பேப்பர், வசதி கேட்கிற ஃபார்ம், பெயர் இல்லாத சர்வே முடிவுகள், ஒப்புக்கிட்டு இன்னும் முடிக்காத விஷயங்கள். தனிப் பேச்சு குறிப்புகளையும் மருத்துவ விவரத்தையும் அதுல போடாதீங்க, ஒருத்தருக்கு குடுத்த வசதி ஏற்பாட்ட புது மேனேஜருக்கு சொல்லணும்னா முதல்ல அவங்க கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க. புதுசா வர்றவர் கூட ரெண்டு வாரமாவது சேர்ந்து மீட்டிங் நடத்துங்க, ரெண்டாவது வாரம் அவர் நடத்தட்டும், ஆன்லைன்காரங்க கைய பார்க்கிற வேலைய நீங்க எடுத்துக்கோங்க.